அழையா விருந்தினர்

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறும்போது நாம் பலவற்றைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறோம். அவ்வூர் மொழி, கடைத்தெருப் பேரம், குளிர் காலத்தில் கம்பளி உடுத்தும் முறை, கோடையில் அனற்காற்றுக்குக் கதவடைக்கும் நேரம் ஆகிய எல்லாம் ஓரிரண்டு ஆண்டுகளில் பழகிவிடுகின்றன. ஆனால், நம்மோடு அதே வீட்டில் வாடகை கொடாமல் குடியிருக்கும் சிற்றுயிர்களைப் பற்றி அறிந்துகொள்ள நாம் அவ்வளவாக முயல்வதில்லை. சுவரில் ஒன்று ஊர்ந்தால் துடைப்பத்தைத் தேடுகிறோம். துடைப்பத்துக்குத் தப்பினால் கடைக்குச் சென்று ஒரு புட்டியை வாங்கி வருகிறோம். அப்புட்டியில் இருப்பது என்ன, அது யாரை யாரைக் கொல்ல வல்லது என்று கேட்பதில்லை. ஆகையால் இன்றைய பேச்சில் இரண்டு செய்திகளைப் பார்ப்போம். வீட்டில் உலவும் உயிர்களுள் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டா என்பது ஒன்று. அவற்றைப் போக்க நாம் கையாளும் வழிகளுள் எது தகும், எது தகாது என்பது மற்றொன்று.

முதலில் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதனை எட்டுக்கால் பூச்சி என்றும் வழங்குகிறோம். மலையாளத்தார் எட்டுகாலி என்பர், இந்தியில் மகடீ, வங்காளியில் மாகட்சா. மராத்தியில் இதற்குக் கோளி என்று பெயர். கடலில் வலை வீசி மீன் பிடிப்பவருக்கும் அம்மொழியில் அதே பெயர்தான். வலையைக் கண்டு பெயரிட்ட அம்மக்களின் கூர்மையை மும்பையில் வாழும் நேயர்கள் கவனித்திருக்கக் கூடும். பூச்சி என்று சொன்னாலும், சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு, சிலந்திக்கு எட்டு. பூச்சிக்கு உள்ள உணர்கொம்பும் சிறகும் சிலந்திக்கு இல்லை. தேளும் உண்ணியுமே அதற்கு நெருங்கிய உறவினர்.

வீட்டுக்குள் நாம் காணும் சிலந்திகள் பெரும்பாலும் மூன்று வகையின. மயிரிழை போன்ற நீண்ட கால்களுடன் கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் வலையோடு தானும் கிடுகிடுவென ஆடுவது ஒரு வகை. நாம் ஒட்டடைக் கம்பால் அடித்து எடுக்கும் ஒட்டடை பெரும்பாலும் இதன் கைவேலை. குட்டையான கால்களும் முன்பக்கம் இரண்டு பெரிய கண்களுமாகச் சுவரில் தத்தித் தத்திச் செல்வது இரண்டாம் வகை. இது வலை பின்னுவதில்லை. பூனை போலப் பதுங்கிச் சென்று ஈயின் மீதும் கொசுவின் மீதும் பாயும். உள்ளங்கை அகலத்துக்குக் கால்களைப் பரப்பிக்கொண்டு இரவில் சுவரில் ஒட்டியிருப்பது மூன்றாம் வகை. கொல்கத்தா, மும்பை போன்ற ஈரமான கரையோர நகரங்களில் இதனை மிகுதியாகக் காணலாம். தட்டையான வெண்ணிற முட்டைப் பையை வயிற்றின் அடியில் அணைத்துக்கொண்டு தாய்ச் சிலந்தி ஓடுவதைக் கண்டு அஞ்சி அலறுவோர் பலர். ஆனால் இது விரும்பி உண்பது கரப்பான் பூச்சியையே. இது சமையலறையில் தென்பட்டால் அங்கே கரப்பானும் இருக்கிறது என்று பொருள்.

இம்மூன்றுக்கும் நஞ்சு உண்டு. ஆயினும் அது ஈயையும் கொசுவையும் அடக்குவதற்கு அமைந்தது. வீட்டுச் சிலந்திகள் மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை. கையில் வைத்து நசுக்கினாலன்றிக் கடிப்பது அரிது. கடித்தாலும் சிறிது நேரம் எரிந்து தணிந்துவிடும். அவ்வாறாயின் சிலந்தியின் மேல் நமக்கு ஏன் இத்தனை பழி? தமிழ் அகராதியைப் புரட்டினால், சிலந்தி என்னும் சொல்லுக்குக் கட்டி, புண் என்னும் பொருளும் இருக்கக் காணலாம். வடநாட்டிலும், உடலில் காரணம் தெரியாமல் கொப்புளம் கிளம்பினால் மகடீயின் மேல்தான் பழி விழுகிறது. உண்மைக் குற்றவாளிகள் வேறு. அவர்களுள் இருவரை அறிந்துகொள்வது நம் உடல் நலத்துக்கு மிகவும் தேவையாகும்.

மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்தை நாடி ஒரு சிறு வண்டு வரும். எறும்பளவே இருக்கும், கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த மெல்லிய உடல். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் வந்து அமர்ந்ததை நாம் கையால் தேய்த்து நசுக்கும்போது, அதன் உடற்சாறு தோலில் கோடு போலப் படிகிறது. ஒரு நாள் கழித்து அந்தக் கோடு முழுவதும் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். இரவில் சிலந்தி ஊர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உடலில் பூச்சி அமர்ந்தால் தேய்க்காமல் ஊதித் தள்ளுவதும், அந்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவுவதும் போதும்.

இரண்டாமது அக்கி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போட்டாற்போல் கொப்புளங்கள் தோன்றிக் கடுமையாக வலிக்கும். இது எந்தப் பூச்சியாலும் வருவதன்று. முன்பு எப்போதோ கண்ட சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவதே அக்கி. நம் ஊரில் காவி மண் கொண்டு அக்கி எழுதும் வழக்கம் உண்டு. இன்று இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது நன்கு பயன்படும். சிலந்திக் கடி என்று எண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு அந்த மூன்று நாட்களைக் கழித்துவிடுவோர், குறிப்பாக முதியோர், பிறகு மாதக் கணக்கில் நரம்பு வலியால் துன்புற நேரிடலாம்.

திருவானைக்காவில் இறைவனுக்கு வலையால் பந்தரிட்ட சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று புராணம் கூறும். வீட்டுச் சிலந்திக்கு அத்தனை பெருமை கொடுக்க வேண்டுவதில்லை. குவளையால் மூடி, அடியில் ஒரு தடித்த காகிதத்தைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டால் போதும். வலையைப் பெருக்கும்போது பஞ்சுருண்டை போன்ற முட்டைப் பையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். வாசல் விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டால் பூச்சிகள் வரும். பூச்சிகள் வந்தால் சிலந்தியும் வரும். விளக்கை அணைப்பது சிலந்தியை நீக்கும் மிக எளிய வழி.

பல்லியின் கதையும் ஏறக்குறைய இதுவே. பாலில் பல்லி விழுந்தால் பால் நஞ்சாகிவிடும் என்னும் அச்சம் நாடு முழுவதும் உண்டு. நம் வீட்டுப் பல்லிக்கு நஞ்சுப்பல் கிடையாது. அதன் எச்சத்திலும் உடலிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். ஆகையால் அந்தப் பாலைக் கொட்டிவிடுவது சரி. பாத்திரத்தை மூடி வைப்பது இன்னும் சரி. காஞ்சிபுரம் வரதராசர் கோயிலில் பொற்பல்லியைத் தொட்டு வணங்கிவிட்டு வந்த நாம், வீட்டுச் சுவரிலுள்ள பல்லியை மட்டும் அடித்துக் கொல்ல வேண்டா. ஒரே இரவில் அது உண்ணும் பூச்சிகள் பல.

இனி, உண்மையாகவே அஞ்சத் தக்கவர்களைப் பார்ப்போம். அவர்களுள் முதல் இடம் கொசுவுக்கு உரியது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. கால்களில் வெள்ளை வரிகள் கொண்டது. சாக்கடையை அது நாடுவதில்லை. நாம் சேர்த்து வைத்திருக்கும் தெளிந்த நீரே அதற்குத் தொட்டில். 1996-ஆம் ஆண்டில் தில்லியில் பரவிய டெங்கு காய்ச்சலில் 10,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 400-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2015-ஆம் ஆண்டில் அதே நகரில் நோயுற்றோர் 15,000-க்கு மேல்.

வடநாட்டு வீடுகளில் கோடைக்கென்று சன்னலில் பொருத்தும் கூலர் என்னும் குளிர்விப்புப் பெட்டியைத் தமிழ்நாட்டிலிருந்து வருவோர் பலர் இங்கேதான் முதலில் காண்கின்றனர். அதன் அடித்தொட்டியில் எப்போதும் நீர் நிற்கும். முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆகவே வாரம் ஒரு நாள் தவறாமல் அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் பக்கங்களில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டவுடன் பொரியும். துணியாலோ தூரிகையாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் உலரவிட வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், மூடியில்லாத மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. மாநகராட்சியின் பணியாளர் இதனைச் சோதிக்க வரும்போது, மொழி தெரியாதென்று கதவைச் சாத்திவிடாமல், தொட்டியைக் காட்டுவது நம் கடமை. அவர் சொல்லும் 'மச்சர்' கொசுதான், 'லார்வா' கொசுப்புழுதான்.

அடுத்தது கரப்பான். இதில் இரண்டு சாதி உண்டு. சாக்கடைக் குழாய் வழியாக வரும் பெரிய செந்நிறக் கரப்பான் ஒன்று. பழுப்பு நிறத்தில், கழுத்துப் பட்டையில் இரண்டு கரிய கோடுகளோடு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறமும் அடுப்பு மேடையின் இடுக்குகளிலும் குடியிருக்கும் சிறியது மற்றொன்று. சிறியதுதான் பெருந்தொல்லை. அதன் ஒரு முட்டைக் கூட்டில் முப்பது நாற்பது குஞ்சுகள் இருக்கும். இது நம் வீட்டுக்கு நடந்து வருவதில்லை, நாமே கொண்டுவருகிறோம். மாற்றலாகி ஊர் மாறும்போது மளிகைக் கடையில் வாங்கிய பழைய அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களைக் கட்டுகிறோம் அல்லவா? அந்த அட்டையின் மடிப்புகளே அதற்கு இரயில் பெட்டி. புது வீட்டுக்கு வந்த அன்றே பெட்டிகளைப் பிரித்து, அட்டைகளை வெளியேற்றிவிடுவது நல்லது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு இழுப்பு நோயைத் தூண்டும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த செய்தி. இரவில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பது, தொட்டியை உலர வைப்பது, சாக்கடைத் துளைக்கு வலைமூடி இடுவது ஆகியவை முதற்படி. அதற்கும் அடங்காவிட்டால், இடுக்குகளில் கடுகளவு வைக்கும் பசை வடிவ இரை கடையில் கிடைக்கும். அதை வைத்த இடத்தில் தெளிப்பானை அடிக்கக் கூடாது. தெளிப்பானின் நெடியால் கரப்பான் இரையை அணுகாமல் விலகிப் போகும். இரண்டு செலவும் வீண்.

எறும்புக்கு நஞ்சே வேண்டா. முன் சென்ற எறும்பு விட்டுச் செல்லும் மணத்தைப் பற்றிக்கொண்டே பின்னது வருகிறது. சோப்பு நீரில் நனைத்த துணியால் அந்த வழியைத் துடைத்துவிட்டால் வரிசை கலையும். சர்க்கரைச் சாடியை நீர் ஊற்றிய தட்டில் வைக்கும் நம் பாட்டிமாரின் வழக்கம் எந்த மாநிலத்திலும் செல்லும்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதில்லை. ஆனால் உறக்கத்தைக் கெடுக்கும். இந்தியில் இதற்குக் கட்மல் என்று பெயர். நீண்ட இரயில் பயணங்கள் செய்யும் நம் போன்றோருக்கு இது நெடுநாளையத் தோழன். பல மாதங்கள் உணவின்றி உயிர் வாழ வல்லது. ஊரிலிருந்து திரும்பியதும் பெட்டியைக் கட்டிலின் மேல் வைக்காமல் வெளியே வைத்துப் பிரிக்க வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். இரும்புக் கட்டிலின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றும் பழைய முறை இன்றும் பயனுடையதே. வெப்பத்தைப் போல் அதனை வெல்வது வேறில்லை. மண்ணெண்ணெய் பூசுவது தீயை அழைப்பதாகும்.

புத்தகம் உள்ள வீட்டுக்குக் கறையான் தனி வருத்தம். தேவார ஏடுகளைத் தில்லையில் செல்லரித்த வரலாற்றை நாம் அறிவோம். வெளி மாநிலத்தில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை இழந்தால் அதைப் போல் மற்றொன்று வாங்குவது எளிதன்று. சுவரில் மண் கோடு ஏறக் கண்டால் அதைச் சுரண்டிவிட்டு நிம்மதியடையக் கூடாது. அது வழி மட்டுமே; ஊர் மண்ணுக்குள் இருக்கிறது. ஈரம் கசியும் சுவரை முதலில் செப்பனிட வேண்டும். புத்தக அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அரசுக் குடியிருப்பில் வாழ்வோர் மத்தியப் பொதுப்பணித் துறையின் விசாரணை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மற்றையோர் உரிமம் பெற்ற பணியாளரை அழைக்கலாம். புத்தகத்தின் ஓரங்களை அரிக்கும் வெள்ளி நிறப் பூச்சிக்கு இராமபாணம் என்று நம்மவர் பெயரிட்டிருக்கின்றனர். ஏட்டைத் துளைத்துச் செல்வதால் வந்த பெயர் போலும். அதற்குப் பகை வெயிலும் வறட்சியுமே. ஆண்டுக்கு இரு முறை புத்தகங்களைத் தட்டி, நிழலில் காற்றாட வைத்தால் போதும். வடநாட்டார் தீபாவளிக்கு முன் வீடு முழுவதும் துப்புரவு செய்கின்றனர். நாம் போகிக்குச் செய்கிறோம். இரண்டு வழக்கத்தையும் மேற்கொள்ள நமக்குத் தடை ஏதும் இல்லை.

இதுவரை பூச்சிகளைப் பற்றிச் சொன்னோம். இனிச் சொல்லப்போவது அவற்றினும் அஞ்சத் தக்கது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எலி மருந்து, கொசு மருந்து, மூட்டைப்பூச்சி மருந்து என்று தமிழில் சொல்கிறோம். இந்தியிலும் அப்படியே; 'சூஹா மார்னே கீ தவா' என்றால் எலியைக் கொல்லும் மருந்து. காய்ச்சலுக்கு உண்பதும் மருந்து. எலிக்கு வைப்பதும் மருந்து. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், ஒரே அலமாரியில் இரண்டும் அமர்ந்துவிடுகின்றன. அரசாங்கத் தமிழில் பூச்சிக்கொல்லி என்று எழுதுகிறோம். அது புதுச் சொல் என்று சிலர் நகைப்பதுண்டு. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லும் சொல் அதுவே.

இந்த நஞ்சுகளுள் மிகக் கொடியது ஒன்று வடநாட்டு வீடுகளில் தானியத்தோடு வாழ்கிறது. அறுவடைக் காலத்தில் ஓர் ஆண்டுக்கு வேண்டிய கோதுமையை வாங்கித் தகர உருளைகளில் சேமித்து வைப்பது இப்பகுதிகளில் பழைய வழக்கம். அதில் வண்டு விழாமலிருக்க ஒரு வில்லையைப் போடுவர். வேதியியலில் அதற்கு அலுமினியம் பாஸ்பைடு என்று பெயர். பேச்சு வழக்கில் சல்ஃபாஸ் என்பர். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அந்த வில்லை பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. 3 கிராம் எடையுள்ள ஒரு வில்லையிலிருந்து 1 கிராம் வாயு வரும். அது வண்டைக் கொல்வது போலவே மனிதனையும் கொல்லும். பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற நெடி வீசலாம். உறங்குபவர் மூக்குக்கு அது எட்டுவதில்லை. தானிய உருளை இருக்கும் அறையிலேயே குடும்பத்தார் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினால், காலையில் குழந்தைகள் எழாமற் போகலாம். மூட்டைப்பூச்சியை ஒழிக்க அறையில் இதை வைத்துவிட்டு அடுத்த அறையில் உறங்கியவர்கள் மாண்ட செய்திகளும் உண்டு. கதவிடுக்கு வாயுவைத் தடுக்காது. இந்நஞ்சுக்கு முறிவு மருந்து இதுவரை இல்லை. பொதுமக்களுக்கு இதனை விற்கக் கூடாது என்று அரசாங்கக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆயினும் சில கடைகளில் சில்லறையாக இது கைமாறுகிறது. அண்டை வீட்டார் அன்போடு இரண்டு வில்லைகளைக் கொடுத்தாலும் நாம் பணிவோடு மறுத்துவிட வேண்டும்.

கோதுமையோ அரிசியோ, கெடாமலிருக்க நஞ்சு வேண்டுவதில்லை. நல்ல வெயிலில் பரப்பி, பல்லால் கடித்தால் தெறிக்கும் அளவுக்குக் காயவைத்து, ஆறிய பின் காற்றுப் புகாத கலத்தில் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். உலர்ந்த வேப்பிலையைச் சேர்க்கலாம். ரவையை வறுத்து வைப்பது நம் வீட்டு வழக்கமே. சிறு குடும்பத்தார் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் வண்டுக்கு வளர நேரமே இராது.

நாம் இங்கு வந்த பின் பழகிய மற்றொரு பொருள் கம்பளி. குளிர் காலம் கழிந்ததும் கம்பளி உடைகளையும் ரசாயியையும் பெட்டியில் வைத்து, அந்துப்பூச்சிக்காக அந்துருண்டைகளைப் போடுகிறோம். வெண்மையாக மிட்டாய் போல் இருப்பதால் குழந்தைகள் அதனை வாயிலிடுவதுண்டு. வெளிக்குத் தெரியாத தீங்கு இன்னொன்றும் உண்டு. சிலருடைய குருதியில் பிறப்பிலேயே ஒரு நொதிப்பொருள் குறைவாக இருக்கும். அத்தகைய பச்சைக் குழந்தையை, அந்துருண்டையோடு கிடந்த சால்வையில் அப்படியே சுற்றினால், அந்த நெடியாலேயே சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகக் கூடும். யாருக்கு அக்குறை உண்டு என்பது பார்த்தால் தெரியாது. ஆகையால் பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியைத் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். வியர்வைக் கறையுள்ள கம்பளியையே அந்துப்பூச்சி நாடும். துவைத்து உலர்த்திக் காற்றுப் புகாத பையில் வைத்தால் உருண்டை இல்லாமலே பாதுகாக்கலாம்.

இன்று மருந்து என்று போற்றப்படுவது நாளை நஞ்சென்று ஒதுக்கப்படுவதற்கு டி.டி.டி.யின் வரலாறே சான்று. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-இல் நோபல் பரிசு பெற்றார். தில்லியிலேயே அரசாங்கத் தொழிற்சாலை 1955-இல் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. மலேரியா ஒழிப்பில் அது செய்த தொண்டு பெரிது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைப் பற்றியதாக மதிப்பிடப்பட்ட அந்நோய், 1965-இல் ஏறத்தாழ 1 இலட்சமாகக் குறைந்தது. ஆனால் கொசு அந்நஞ்சைத் தாங்கப் பழகிற்று. வேறு சில காரணங்களும் சேர்ந்தன. 1976-இல் நோயுற்றோர் தொகை 64 இலட்சத்தைக் கடந்தது. டி.டி.டி. மண்ணிலும் நீரிலும் உடற்கொழுப்பிலும் அழியாமல் தங்குவதும் தெரியவந்தது. வேளாண்மையில் அதன் பயன் 1989-இல் தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் வீடு தோறும் தூவிய பி.எச்.சி. தூளும் 1997-இல் தடைக்கு உள்ளாயிற்று. பழைய வீட்டின் பரணில் இத்தகைய தூள் ஏதேனும் இருக்கக் கண்டால், வீணாக்க மனமில்லை என்று எடுத்துத் தூவ வேண்டா.

நஞ்சு வாங்கியே தீர வேண்டும் என்னும் நிலை சில வேளைகளில் வரலாம். அப்போது நமக்குத் துணை ஒன்று உண்டு. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி, சிப்பத்தின் சீட்டு இந்தியிலும் ஆங்கிலத்திலும் அவ்வட்டாரத்து மொழியிலும் அச்சிடப்பட வேண்டும். தில்லியிலோ நாகபுரியிலோ தமிழ் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயார் அதைப் படிக்கவும் முடியாது. ஆனால் அதே சீட்டில், முனையில் நிற்கும் சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் எந்த மொழியும் தெரியாதவருக்கும் பேசும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் இடைத்தரமானது, பச்சை அவற்றினும் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாயிலைக் கடக்கவே கூடாது. பச்சையும் தீங்கற்றது என்று பொருளன்று. சீட்டில்லாமல் காகிதத்தில் மடித்தோ, குடிநீர்ப் புட்டியில் ஊற்றியோ கொடுப்பதை எவ்வளவு மலிவாயினும் வாங்கக் கூடாது. குழந்தைக்குக் குடிநீர்ப் புட்டி என்றால் குடிநீரே. 'விஷ்' என்றால் நஞ்சு. 'பச்சோங் சே தூர் ரக்கேங்' என்றால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்பது பொருள். இவ்விரண்டு தொடரையாவது வீட்டிலுள்ள எல்லோரும் கற்றுக்கொள்வோமாக.

எதிர்பாராமல் குழந்தை ஏதேனும் விழுங்கிவிட்டால், உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டா. மண்ணெண்ணெய் கலந்த தெளிப்பு நீர்மம் வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகுந்தால் தீங்கு இரட்டிக்கும். புட்டியையும் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர உதவிக்கு 112 என்னும் எண் நாடு முழுவதற்கும் பொது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் ஒன்று இயங்கி வருகிறது. நாளின் 24 மணி நேரமும் மருத்துவருக்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசியில் வழி கூறுகிறது. அதன் எண்ணை இன்றே கேட்டறிந்து அடுக்களைச் சுவரில் எழுதி வைப்பது நன்று.

ஆக, சிலந்தியையும் பல்லியையும் கண்டு அஞ்ச வேண்டா. கொசுவுக்கு நீரையும், கரப்பானுக்கு இரவுச் சோற்றையும், கறையானுக்கு ஈரத்தையும் கொடாமலிருப்போம். வீட்டில் ஒரு புட்டி நஞ்சு இருக்குமானால் அதற்கு உயரமான, பூட்டுள்ள இடம் ஒன்றை ஒதுக்குவோம். குழந்தைகள் முன்னிலையில் அதனை மருந்து என்று சொல்லாமல் நஞ்சு என்றே சொல்லிப் பழகுவோம்.